காத்மாண்டு கோயில்கள்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: நெரிசல், ஹாரன் சத்தம், தூசி என்று சொல்லிப் பயமுறுத்துகிறார்கள். எங்கே தொடங்குவது?

பதில்: அசன் சந்தையில், காலை ஆறரை மணிக்கு. ஆறு தெருக்கள் கூடும் இடம். அன்னபூர்ணா கோயில் அங்கேதான் இருக்கிறது. அங்கிருந்து இந்திர சௌக் பக்கம் நடங்கள். வழியில் ஒரு சின்ன வாசல் வரும், பாத்திரக் கடைகளுக்கு நடுவே இருப்பதால் தவறவிடுவது எளிது. உள்ளே போனால் ஜன பாகால் முற்றம். அப்படியே நடந்தால் பழைய அரண்மனைச் சதுக்கம். முதல் நாள் டாக்சி வேண்டாம், இந்த ஊர் காலுக்குத்தான் பிடிபடும்.

கேள்வி: எது இந்துக் கோயில், எது பௌத்தக் கோயில் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: பல இடங்களில் பிரிக்கவே முடியாது. இப்போது சொன்ன ஜன பாகாலில் இருப்பவர் இந்துக்களுக்கு வெள்ளை மச்சிந்திரநாதர், பௌத்தர்களுக்குக் கருணாமயர், அதாவது அவலோகிதேஸ்வரர். ஒரே சிலை, ஒரே வரிசை. வாழும் தெய்வமான குமாரியையே எடுத்துக்கொள்ளுங்கள். பௌத்த சாக்கியக் குடும்பத்துச் சிறுமி, ஆனால் வணங்கப்படுவது தலேஜு என்ற இந்துத் தெய்வமாக. குன்றின் மேல் இருக்கும் சுயம்பு (சுயம்புநாத்) ஸ்தூபியை ஒட்டியே ஹாரதி கோயில் இருக்கிறது. நம் மாரியம்மனைப் போல அம்மை நோயிலிருந்து காப்பவள். இந்தப் பள்ளத்தாக்கின் பூர்வகுடிகளான நேவார் மக்களிடம் போய் "நீங்கள் இந்துவா பௌத்தரா" என்று கேட்காதீர்கள். பலருக்கு அந்தக் கேள்வியே பொருந்தாது.

கேள்வி: அம்மாவுக்கு வயது 70. பசுபதிநாதரைத் தரிசிக்க ஆசைப்படுகிறார்.

பதில்: தாராளமாகக் கூட்டிப்போங்கள். கருவறையில் பூஜை செய்பவர்கள் தென்னிந்திய பட்டர்கள் என்று சொல்லுங்கள், மகிழ்ந்துபோவார். தோல் பெல்ட், தோல் பை உள்ளே கூடாது, படமும் எடுக்கக்கூடாது. பாக்மதி கரையில் சிதைகள் எரிந்துகொண்டிருக்கும், அம்மாவிடம் முன்பே சொல்லிவிடுங்கள். துக்கத்தில் இருப்பவர்களை நோக்கி செல்போனைத் தூக்காதீர்கள், தயவுசெய்து. சுயம்புவில் கிழக்குப் பக்கம் 365 படிகள், செங்குத்தாக இருக்கும். மறுபக்கம் வண்டி கிட்டத்தட்ட மேலே வரை போகும்.

கேள்வி: 2015 நிலநடுக்கத்துக்குப் பிறகு பார்க்க என்ன மிச்சம்?

பதில்: நிறைய. ஊருக்கே பெயர் கொடுத்த காஷ்டமண்டபம் அன்று தரைமட்டமானது. மரம், செங்கல், மண் கொண்டு பழைய முறையிலேயே மறுபடி கட்டி 2022-இல் முடித்தார்கள். அதன் தூண்களைத் தொட்டுப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. பௌத்தநாத் ஸ்தூபி 2016-லேயே திறந்துவிட்டது. பக்கத்து ஊரான பக்தபூரில் 1702-இல் எழுந்த ஐந்தடுக்கு ந்யாதபோலா கோயில் 1934, 2015 இரண்டு பெரும் நடுக்கங்களையும் தாங்கி நிற்கிறது. பக்தபூருக்கு மட்டும் ஒரு முழு நாள் ஒதுக்குங்கள்.

கேள்வி: விசா, பணம்?

பதில்: இந்தியர்களுக்கு விசா வேண்டாம். ஆதாரை நம்பாமல் பாஸ்போர்ட்டோ வாக்காளர் அட்டையோ எடுத்துப்போங்கள். நம் 100 ரூபாய்க்கு அங்கே 160. நூறு ரூபாய் நோட்டுகளாகக் கொண்டுபோங்கள். சனிக்கிழமை அங்கே விடுமுறை நாள், கோயில்களில் கூட்டம் அலைமோதும். பசுபதிநாதரை வேறு நாளில் வைத்துக்கொள்ளுங்கள்.