ஹெக்ராவின் காலி அறைகள்

அன்புள்ள அண்ணாச்சி,

எனக்குத் தக்கலைப் பக்கம். வேலை சவூதியில், தபூக்கில். போன மாசம் லீவில் நண்பர்களோடு அல் உலா போய், ஹெக்ரா இடிபாடுகளை ஒரு பகல் முழுக்கச் சுற்றினோம். பாலைவனத்தில் பாறை பாறையாகப் பிரமாண்ட முகப்புகள். உள்ளே நுழைந்தால் வெறும் அறை. ஒரு தூண்கூட இல்லை. பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்த்து வளர்ந்தவனுக்கு ஏமாற்றமாகிவிட்டது. இந்த இருட்டுக்குள்ளா குடியிருந்தார்கள்?

ச., தபூக்

அன்புள்ள தம்பி,

யாரும் குடியிருக்கவில்லை. நீங்கள் நுழைந்ததெல்லாம் கல்லறைகள். சுவரில் ஆள் நீளத்துக்கு மாடங்கள் வெட்டியிருக்குமே, பிணம் வைக்கத்தான். அங்கே மொத்தம் 111 கல்லறைகள். அவற்றில் 94-க்கு அலங்கார முகப்பு. இதை வெட்டியவர்கள் நபத்தேயர்கள், அந்தக் காலத்தில் அந்தப் பக்கத்தை ஆண்ட அரபு மக்கள். செத்தவர்களுக்குப் பாறையைக் குடைந்துவிட்டு, தாங்கள் நடுச் சமவெளியில் மண்கட்டி வீடுகளில் இருந்தார்கள். அந்த ஊர் கரைந்து மேடாகக் கிடக்கிறது. வண்டியில் போகிறவர்கள் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

தனிப் பாறையில் நிற்கும் கஸ்ர் அல் ஃபரீத் முன்னால் எல்லோரையும் போலப் படம் எடுத்திருப்பீர்கள். அந்தப் படத்தின் கீழ்ப்பகுதியைப் பெரிதாக்கிப் பாருங்கள். மேலே வழுவழுப்பு, கீழே வரவர உளித்தடம் அப்படியே கரடுமுரடாக நிற்கும். வேலை பாதியில் நின்றுபோனது. உச்சியில் தொடங்கிக் கீழே இறங்கியிருக்கிறார்கள் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. கழுகுமலை வெட்டுவான் கோயிலும் இப்படித்தான், அடிப்பகுதி முடியாமலே நிற்கிறது. என்னைக் கேட்டால், முழுசாக முடிந்தவற்றைவிட இவை இரண்டும்தான் பார்க்க வேண்டியவை.

அப்புறம், சில வாசல்களுக்கு மேலே எழுத்துப் பலகை உண்டு. கி.பி. முதல் நூற்றாண்டு. வாசகம் ஏறக்குறைய நம் பத்திரம்தான்: இன்னார் தனக்கும் தன் வாரிசுகளுக்கும் வெட்டியது, விற்கக் கூடாது, ஒற்றி வைக்கக் கூடாது, வாடகைக்கு விடக் கூடாது, மீறினால் துஷாரா தெய்வத்துக்கும் அரசனுக்கும் அபராதம். பலவற்றில் கல்தச்சன் பெயரும் இருக்கிறது. நம் கோயில்களில் அவன் பெயரைத் தேடித்தான் பார்க்க வேண்டும். சில கல்லறைகளுக்கு உரிமைக்காரி பெண். சொத்து பெண்வழியில் இறங்கும் மருமக்கள்வழி நடந்த நாட்டிலிருந்து போன நீங்கள் அதன் முன்னால் கொஞ்சம் நின்றிருக்கலாம்.

பாலைவனத்தில் இத்தனை பணம் எப்படி என்று நீங்கள் கேட்கவில்லை. தண்ணீர்தான். அங்கே 130 கிணறுகள் வரை இருந்திருக்கின்றன. தென் அரேபியாவிலிருந்து குந்திரிக்கம் என்ற வாசனைப் பிசினை ஏற்றி வடக்கே நபத்தேயர்களின் தலைநகரான பெட்ராவுக்குப் போன ஒட்டகங்கள் இங்கே நின்று, குடித்து, வரியும் கட்டிவிட்டுத்தான் நகர முடியும். கி.பி. 106-இல் நபத்தேய நாட்டை ரோமாபுரி தன்னோடு சேர்த்துக்கொண்டது.

மறுபடி போனால் ஒரு எழுத்துப் பலகையைப் படம் எடுத்து அனுப்புங்கள். உச்சிவெயிலில் வேண்டாம். வெளிச்சம் சாய்வாக விழுந்தால்தான் எழுத்து பிடிபடும்.