வெளிநாட்டில் பிள்ளைகள் வீடு, திரும்பி வந்தால் நம் வீடு: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். மகனையோ மகளையோ பார்க்க அமெரிக்கா போய் மாதக்கணக்கில் தங்குவது, அப்புறம் திரும்பி வந்து ஊரில் ஒட்டாமல் தவிப்பது. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதையே எடுத்துக்கொள்கிறேன்.

ஏப்ரலில் நியூஜெர்சியில் உள்ள மகள் வீட்டுக்குப் போய், செப்டம்பர் கடைசியில் திரும்பினோம். வந்து மூன்று வாரம் ஆகிறது. அவருக்கு 71 வயது, எனக்கு 66. ராத்திரி இரண்டு மணிக்கு இரண்டு பேரும் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். பேத்தி ‘பாட்டி’ என்று கூப்பிடுகிற மாதிரியே இருக்கிறது. அவர் யாரோடும் பேசுவதில்லை, வாக்கிங்கும் போவதில்லை. அங்கே இருந்தபோது எப்போது ஊருக்குப் போவோம் என்றிருந்தது, இங்கே வந்தால் எதிலும் மனம் ஒட்டவில்லை. இது தானாகச் சரியாகுமா?
– வாசகி, கும்பகோணம்

அம்மா, உங்கள் கடிதத்தில் உடம்பும் மனசும் கலந்து கிடக்கின்றன, முதலில் உடம்பைப் பார்த்துவிடுவோம். இந்தப் பருவத்தில் நியூஜெர்சிக்கும் நமக்கும் ஒன்பதரை மணி நேர வித்தியாசம். உடம்பு இந்த மாற்றத்துக்குப் பழகுவது ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மணி நேரக் கணக்கில்தான், அதிலும் அங்கிருந்து இங்கே, அதாவது கிழக்கு நோக்கி வரும்போது இன்னும் கொஞ்சம் மெதுவாக. ஆக பத்து நாள், இரண்டு வாரம் தூக்கம் கெடுவது எல்லாருக்கும் வருவதுதான். மூன்று வாரமாகியும் தீரவில்லை என்றால் பெரும்பாலும் பகல் தூக்கம்தான் காரணமாக இருக்கும். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்து ஐந்து மணிக்கு எழுந்தால் ராத்திரி எப்படித் தூக்கம் வரும்? அரை மணி நேரத்துக்கு அலாரம் வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் வேண்டாம். சாயங்காலக் காபியைக் கொஞ்ச நாளைக்கு நிறுத்துங்கள். காலையில் வீட்டுக்குள் உட்காராமல் இரண்டு பேருமாக மகாமகக் குளத்தைச் சுற்றி நடந்துவிட்டு வாருங்கள், பகல் வெளிச்சம் கண்ணில் பட்டால்தான் உடம்புக்கு நேரம் புரியும். சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை இன்னும் அங்கத்திய நேரக் கணக்கில் போட்டுக்கொண்டிருந்தால் டாக்டரிடம் கேட்டு நேரத்தைச் சரிசெய்துகொள்ளுங்கள். அப்புறம் ஒன்று, நீண்ட விமானப் பயணம் முடிந்து சில வாரங்கள் வரைக்கும் ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, ஆடுதசையில் வலி எடுத்தாலோ, மூச்சு வாங்கினாலோ மறுநாள் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள், ரத்தம் உறைந்திருக்கலாம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

இனி மனசு. அங்கே காலையில் எழுந்தால் பேத்திக்குத் தலை வாரவேண்டும், டிபன் டப்பா கட்டவேண்டும், பள்ளிக்கூட பஸ் வரைக்கும் கூட நடக்கவேண்டும். உங்களை நம்பி ஒரு வீடு ஓடியது. இங்கே வந்தால் உங்களைக் கேட்க யாரும் இல்லை, ஏனென்றால் போகும்போது இங்கிருந்த எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுத்தானே போனீர்கள். பால், பேப்பர், அவருடைய வாக்கிங் நண்பர்கள், உங்கள் கோயில் கைங்கரியம், சீட்டு, எல்லாம். நின்றுபோனது தானாக மறுபடி தொடங்காது, யாராவது போய்க் கதவைத் தட்டவேண்டும். பெரியவரிடம் ‘பேசுங்கள், பேசுங்கள்’ என்று சொல்வதால் பிரயோஜனம் இல்லை. பழைய நண்பர் ஒருவருக்கு நீங்களே போன் போட்டு, காலையில் வந்து அவரைக் கையோடு கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

பேத்தியோடு பேசுவதை எப்போதோ ஒரு தடவை என்று விடாமல் ஒரு நேரத்துக்குக் கொண்டுவாருங்கள். இங்கே காலை ஆறு மணி என்றால் அங்கே முந்தின நாள் ராத்திரி எட்டரை, குழந்தை படுக்கப் போகும் நேரம். ஒரு கதை சொல்லித் தூங்க வையுங்கள். நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள், அதற்குப் பிறகு ஏழு மணிக்குக் கூப்பிட்டால் அதே எட்டரை வரும். காத்திருக்க ஒரு நேரம் இருந்தால் நாள் முழுக்க ஏங்குவது குறையும் என்பது நான் பல குடும்பங்களில் பார்த்தது.

தூக்கம் சரியான பிறகும் அவர் பேசாமல், சாப்பாட்டில் நாட்டமில்லாமல், எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் கட்டாயம் டாக்டரிடம் போங்கள். அது மனச்சோர்வாக இருக்கலாம், மருந்தாலும் பேச்சாலும் குணமாகக்கூடியது. டெலி மானஸ் என்று மத்திய அரசின் உதவி எண் 14416 இருக்கிறது, கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.

நாங்கள் முதல் முறையாக சிகாகோவில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போகிறோம். விசா பத்து வருடத்துக்குக் கிடைத்துவிட்டது. மகன் நவம்பரில் போய் மே மாதம் திரும்புவதாக டிக்கெட் பார்க்கிறான். டிக்கெட்டுக்கு இவ்வளவு செலவழிப்பதால் ஆறு மாதமும் இருந்துவிட்டுத்தான் போகவேண்டும் என்கிறான். சரியா?
– வாசகர், பொள்ளாச்சி

வேண்டாம் ஐயா. டிக்கெட் இன்னும் போடவில்லை என்றால் மாற்றச் சொல்லுங்கள். டிசம்பரில் சிகாகோவில் சாயங்காலம் நாலரைக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும், வெளியே பனி, நடைபாதையில் உறைந்து கிடக்கும் ஐஸில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டால் அங்கே ஆகும் செலவை உங்கள் மகனால் தாங்க முடியாது. தோட்டம் துரவு என்று நாள் முழுக்க வெளியிலேயே இருந்து பழகியவர் நீங்கள், முதல் தடவையே நான்கு மாதம் ஹீட்டர் போட்ட வீட்டுக்குள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் அமெரிக்கா என்றாலே வெறுத்துவிடும். மே மாதம் போய் ஆகஸ்டில் வாருங்கள். ராத்திரி எட்டு மணி வரைக்கும் வெளிச்சம் இருக்கும், லெமான்ட் ராமர் கோயில், அரோரா பாலாஜி கோயில் எல்லாம் போகலாம், டெவன் அவென்யூவில் நம் கடைகள் இருக்கின்றன, பக்கத்துப் பொது நூலகத்தில் போய் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம். ஜூலை 4-ஐ ஒட்டி வட அமெரிக்கத் தமிழ்ச் சங்கப் பேரவை ஆண்டுதோறும் விழா நடத்தும், அந்த வருடம் எந்த ஊரில் என்று மகனை விசாரிக்கச் சொல்லுங்கள்.

முதல் பயணத்துக்கு மூன்று மாதம் போதும் என்பது என் அழுத்தமான கருத்து. முதல் மாதம் விருந்தாளி, இரண்டாவது மாதம் வீட்டு மனுஷன், நான்காவது மாதம் வரும்போது மருமகளுடைய அடுப்படியில் எந்தப் பாத்திரம் எங்கே இருக்கவேண்டும் என்பதில் பேச்சு தொடங்கும். இது யாருடைய குற்றமும் இல்லை.

பத்து வருட விசா என்றால் பத்து வருடத்துக்குள் வந்து போகலாம் என்றுதான் அர்த்தம். ஒவ்வொரு முறையும் எத்தனை நாள் தங்கலாம் என்பதை விமான நிலையத்தில் குடியேற்ற அதிகாரி முடிவு செய்வார், வழக்கமாக ஆறு மாதம் தருவார்கள். ஐ-94 என்ற பதிவில் அந்தத் தேதி இருக்கும், இறங்கிய மறுநாளே மகனை இணையத்தில் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தத் தேதியைத் தாண்டினால் விசா போய்விடும், 180 நாளுக்கு மேல் தாண்டித் தங்கிவிட்டுக் கிளம்பினால் மூன்று வருடத்துக்கு நுழையவே முடியாது.

காப்பீடு எடுக்கும்போது விலையை மட்டும் பார்க்காதீர்கள். சர்க்கரை, பிரஷர், இதயம் என்று ஏற்கெனவே இருக்கும் நோய்களால் வரும் பிரச்சினைக்கு உங்கள் வயதில் எவ்வளவு வரை கொடுப்பார்கள் என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள், பல பாலிசிகளில் அதற்குத் தனி உச்சவரம்பு உண்டு, வயது ஏற ஏற அது குறையும். பல் வேலை இருந்தால் இங்கேயே முடித்துவிட்டுப் போங்கள். மருந்தைத் தங்கும் காலத்துக்கும் கூடுதலாக இரண்டு வாரத்துக்கும், அட்டையோடு, டாக்டர் சீட்டோடு கொண்டுபோங்கள். இன்சுலின் போடுபவர் என்றால் அது கைப்பையில் இருக்கவேண்டும், சரக்குப் பகுதிக்குப் போகும் பெட்டியில் வைத்தால் உறைந்து வீணாகலாம்.

நான் ஓய்வுபெற்ற அரசுப் பள்ளி ஆசிரியர். ஐந்து மாதம் வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிறோம். பென்ஷன் நின்றுவிடுமோ என்று பயமாக இருக்கிறது. வேறு என்னென்ன செய்துவிட்டுப் போகவேண்டும்?
– வாசகர், திருச்சி

உயிரோடு இருப்பதை உறுதிசெய்யும் பென்ஷன் ஆண்டு நேர்காணல் உங்களுக்கு எந்த மாதம் என்று முதலில் பாருங்கள். மத்திய அரசுக்காரர்களுக்கு நவம்பர், 80 வயது தாண்டியவர்கள் அக்டோபரிலேயே உயிர்வாழ்ச் சான்று கொடுக்கலாம். மாநில அரசு ஓய்வூதியர்களுக்கு ஓய்வுபெற்ற மாதத்தை வைத்து வரும், உங்கள் கருவூலத்தில் கேட்டு உறுதிசெய்துகொண்டு பயணத் தேதியை அதற்கேற்ப வையுங்கள். அப்படி முடியாவிட்டால் ஜீவன் பிரமாண் செயலியில் முகத்தைக் காட்டி உயிர்வாழ்ச் சான்று கொடுக்கும் வசதி இருக்கிறது, ஊரில் இருக்கும்போதே ஒரு முறை செய்து பார்த்துவிட்டுப் போங்கள். வெளிநாட்டில் இந்தியத் தூதரகத்திலும் சான்று வாங்கலாம்.

அடுத்தது செல்போன், நிறைய பேர் மாட்டிக்கொள்வது இதில்தான். பிரீபெய்ட் சிம்மை 90 நாள் தொடர்ந்து பயன்படுத்தாமல் விட்டால் கம்பெனி எண்ணை ரத்து செய்யலாம். எண் போனால் வங்கி ஓடிபி வராது, ஆதாரும் சேர்ந்து சிக்கும். திரும்பும் நாள் வரை ரீசார்ஜ் செய்து, வெளிநாட்டில் எஸ்எம்எஸ் வருவதற்கு ரோமிங்கைத் திறந்து வைத்துக்கொண்டு போங்கள்.

வீட்டைப் பொறுத்தவரை, பூட்டிப் போவதைப் போலீஸ் ஸ்டேஷனில் சொல்லி எழுதி வையுங்கள். ஃபிரிட்ஜைக் காலி செய்து துடைத்துக் கதவைத் திறந்தே விடுங்கள், மூடி வைத்தால் பூசணம் பிடிக்கும். கேஸ் ரெகுலேட்டரைக் கழற்றிவிடுங்கள். மேல் தொட்டியைக் காலி செய்யுங்கள், சம்ப் மூடி இறுக்கமாக இருக்கட்டும், கொசு முட்டையிட இடம் வேண்டாம். அரிசி பருப்பை யாருக்காவது கொடுத்துவிடுங்கள், வந்து பார்க்கும்போது வண்டுதான் இருக்கும். கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, சொத்து வரி அரையாண்டுக்கு ஒருமுறை, இரண்டையும் போனிலேயே கட்டலாம்.

இதையெல்லாம் விட முக்கியம், நம்பிக்கையான ஒருவரிடம் சாவி கொடுப்பது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை வந்து ஜன்னலைத் திறந்து, குழாயைத் திறந்துவிட்டு, விளக்குப் போட்டுப் பார்க்கட்டும். அவருக்கு மாதம் ஒரு தொகை கொடுங்கள். சும்மா பார்த்துக்கொள்ளச் சொன்னால் இரண்டு மாதத்தில் விட்டுப்போகும். நீங்கள் வந்து இறங்கும் நாளுக்கு முன்னால் வீடு பெருக்கித் துடைத்து, பாலும் ஒரு வேளைச் சாப்பாடும் வீட்டில் இருக்கவேண்டும் என்பதையும் அவரிடமே சொல்லி வையுங்கள். இருபது மணி நேரத்துக்கு மேல் பயணம் செய்து வந்த மனுஷி துடைப்பம் எடுக்கக்கூடாது.

மகள் அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டாள். எங்கள் இருவருக்கும் கிரீன் கார்டு எடுத்துத் தருகிறேன் என்கிறாள். எங்களுக்கு ஆறு மாதம் அங்கே, ஆறு மாதம் இங்கே இருக்க ஆசை.
– வாசகி, சென்னை

21 வயது தாண்டிய குடிமகள் பெற்றோருக்கு விண்ணப்பிக்கலாம், வருட ஒதுக்கீட்டுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கார்டு அங்கேயே குடியிருப்பவருக்கானது. தொடர்ந்து ஆறு மாதத்துக்கு மேல் இங்கே இருந்துவிட்டுப் போனால் கேள்வி கேட்பார்கள், அனுமதி வாங்காமல் ஒரு வருடம் தாண்டினால் கார்டே போகலாம். இங்கே வரும் பென்ஷன், வாடகை, டெபாசிட் வட்டி எல்லாவற்றையும் அமெரிக்க வரிக் கணக்கில் காட்டவேண்டும். மெடிகேர் என்ற முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு உடனே கிடைக்காது, அங்கே வேலை பார்க்காதவர்கள் 65 வயதுக்கு மேல், தொடர்ந்து ஐந்து வருடம் வசித்த பிறகு பணம் கட்டித்தான் சேரலாம். நிரந்தரமாகவே குடிபெயரும் எண்ணம் இருந்தால் எடுங்கள். போய் வந்துகொண்டிருக்கும் ஆசைதான் என்றால் விசிட்டர் விசாவே போதும், அதிலும் ஒரு பயணத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் நல்ல இடைவெளி விடுங்கள்.

டல்லாஸிலிருந்து எழுதுகிறேன். மகனும் மருமகளும் நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறார்கள். ஆனாலும் என்னால் முடியவில்லை, இன்னும் இரண்டரை மாதம் இருக்கிறது. என் கணவர் போன வருடம் தவறிவிட்டார், ஊரில் தனியாக இருக்காதே என்று கூட்டிவந்தான். திரும்பிப் போகிறேன் என்று சொன்னால் மனசு ஒடிந்துபோவான்.
– ஒரு தாய்

அம்மா, சொல்லுங்கள். உங்கள் வீடு, நீங்கள் இருவரும் வாழ்ந்த இடம், துக்கத்தை அங்கே இருந்து ஆற்றிக்கொள்ள நினைப்பதில் தவறே இல்லை. குறை சொல்வதுபோல் ஆகிவிடுமோ என்று பயப்படாதீர்கள். சனிக்கிழமை காலையில் அவன் நிதானமாக இருக்கும்போது, மருமகளும் பக்கத்தில் இருக்க, ‘இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை, ஆனால் அப்பா வாழ்ந்த வீட்டில் கொஞ்ச நாள் இருக்கவேண்டும் போல இருக்கிறது, அடுத்த மாதம் கிளம்புகிறேன், மறுபடியும் வருவேன்’ என்று சொல்லிவிடுங்கள். அவனுக்குப் பயம், நீங்கள் தனியாக இருப்பீர்களே என்பதுதான். அதற்கு முன்கூட்டியே பதில் வைத்துக்கொண்டு பேசுங்கள், ராத்திரி துணைக்கு யார், மாத்திரை வாங்கித் தருவது யார், தினமும் எத்தனை மணிக்குப் போன் என்று. ஊரில் இருக்கும் தங்கையோ அண்ணியோ முதல் மாதம் உங்களோடு தங்க முடியுமா என்று இப்போதே கேட்டுவிடுங்கள். டிக்கெட் தேதியை மாற்றக் கட்டணம் கேட்பார்கள், அதை உங்கள் பணத்தில் கட்டுங்கள். வீல்சேர் உதவியையும் அப்போதே பதிவு செய்யச் சொல்லுங்கள், விமானம் மாறும் இடத்தில் தனியாக அலைய வேண்டியிருக்காது.