காப்பித் தோட்டமும் விடுதி அறைகளும்: டாலியில் கணக்குகளை எப்படிப் பிரிப்பது?

கேள்வி: ஏற்காட்டில் எங்களுக்குக் காப்பித் தோட்டம் உள்ளது. அதிலேயே மிளகும் விளைகிறது. சுற்றுலாப் பயணிகளுக்கு நான்கு அறைகளை வாடகைக்கு விடுகிறோம். டாலி என்ற கணக்கு மென்பொருளில் முந்நூறுக்கும் மேற்பட்ட லெட்ஜர்கள் (தனித்தனிக் கணக்குகள்) சேர்ந்துவிட்டன. எதில் லாபம், எதில் நட்டம் என்று ஆண்டு முடிவில் தெரிவதில்லை. இவற்றை எந்த முறையில் குரூப் (கணக்குத் தொகுப்பு) பிரிக்க வேண்டும்?

பதில்: ஒரு தொகை சொத்தா, கடனா, வரவா, செலவா என்பது ஒரு கேள்வி, அது காப்பிக்கு உரியதா, மிளகுக்கா, அறைகளுக்கா என்பது வேறொரு கேள்வி. இந்த இரண்டுக்கும் லெட்ஜர் பெயரிலேயே விடை வைக்க முயன்றதால்தான் ‘காப்பி உரம்’, ‘மிளகு உரம்’, ‘அறை மின்கட்டணம்’, ‘தோட்ட மின்கட்டணம்’ என்று கணக்குகள் பெருகியிருக்கும். முதல் கேள்விக்குக் குரூப்பும், இரண்டாவதற்குக் காஸ்ட் சென்டரும் (வரவு செலவைப் பிரிவுவாரியாகக் காட்டும் வசதி) விடை சொல்லட்டும். ‘உரம்’ என்று ஒரே லெட்ஜர் இருந்தால் போதும். பதியும்போது காப்பி, மிளகு, அறைகள் என்ற மூன்று காஸ்ட் சென்டர்களில் உரியதைத் தேர்ந்தெடுத்தால், ஒவ்வொன்றின் லாப நட்டமும் தனித்தனியே கிடைத்துவிடும். டாலியில் ஏற்கெனவே உள்ள 28 குரூப்களே உங்களுக்குத் தாராளம். அவற்றின் கீழ் சில துணைக் குரூப்களை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் வருமானத்தில் இந்தச் சிக்கனம் கூடாது, ஏனெனில் அங்கே வரியே வேறுபடுகிறது. சொந்தத் தோட்டத்துக் காப்பியை நீங்களே க்யூரிங் (உலர்த்தித் தோல் நீக்கிப் பதப்படுத்துதல்) செய்து விற்றால் அந்த வருமானத்தில் 25 சதவீதமும், வறுத்து அரைத்து விற்றால் 40 சதவீதமும் தொழில் வருமானமாகக் கொள்ளப்படும் என்று 1962-ஆம் ஆண்டு வருமான வரி விதிகளின் 7பி விதி வகுத்தது. மிளகு விற்ற பணம் விவசாய வருமானம். அறை வாடகையோ முழுவதும் வரிக்கு உட்பட்டது. ஆகவே இவை ஒவ்வொன்றுக்கும், காப்பியின் இரு வகை விற்பனைக்கும்கூட, தனி லெட்ஜர் வேண்டும். செலவிலும் ஒரு விதிவிலக்கு உண்டு. பட்டுப்போன செடிக்குப் பதிலாக அதே பரப்பில் மறுநடவு செய்த செலவைக் கழித்துக்கொள்ள அதே விதி இடம் தந்தது. புதிய பரப்பில் செடி வைப்பது மூலதனச் செலவு. இரண்டையும் ‘நடவு’ என்ற ஒரே கணக்கில் எழுதிவிட்டால், பிற்பாடு ரசீதுகளை வைத்துக்கொண்டு பிரித்தெடுப்பது பெரும்பாடு.

மலைத் தோட்டக் கணக்குகளில் அதிகம் தவறான இடத்தில் உட்காருவது முன்பணம்தான். தொழிலாளருக்குப் பறிப்புப் பருவத்துக்கு முன்பே கொடுத்த பணத்தைக் கூலியாக எழுதினால், வேலை நடக்காத மாதத்தில் செலவு ஏறுவதோடு, யாரிடம் எவ்வளவு பாக்கி என்பதும் மறைந்துபோகும். அதைக் கடன்கள், முன்பணங்கள் என்ற சொத்துக் குரூப்பில் ‘தொழிலாளர் முன்பணம்’ என்ற துணைக் குரூப்பாக வையுங்கள்; அங்கு மட்டும் ஆள்வாரியாக லெட்ஜர் இருக்கலாம். அன்றாடக் கூலிக்கு ஒரே லெட்ஜரும் மஸ்டர் ரோலும் (தொழிலாளர் வருகைப் பதிவேடு) போதும். மறுபுறம், சேலத்து வியாபாரி சரக்குக்காகத் தரும் முன்தொகை, சரக்கு கைமாறும்வரை உங்கள் கடனே தவிர விற்பனை அன்று. குடும்பச் செலவுக்கு எடுப்பது மூலதனக் கணக்கின் கீழ் வரும்.

ஜீப் டீசல், காவலாளி சம்பளம் போன்ற பொதுச் செலவுகளுக்கு ஒரு பங்கீட்டு அளவை எழுதிவைத்து ஆண்டுதோறும் அதையே பின்பற்றுங்கள். ஜீப்புக்கு ஓட்டக் குறிப்பேடு நல்ல அளவு. விவசாய வருமானத்துக்கான செலவை அறை வருமானத்தில் கழிக்க முடியாது என்பதால், வரி அதிகாரிகள் இந்தப் பங்கீட்டைப் பற்றித்தான் முதலில் கேட்பார்கள்.

மாற்றத்தை ஏப்ரல் 1 முதல் தொடங்குவது நல்லது. லெட்ஜரை வேறு குரூப்புக்கு நகர்த்தினால், அதே கம்பெனிக் கோப்பில் உள்ள முந்தைய ஆண்டு அறிக்கைகளும் மாறிவிடும். பிறகு ஆடிட்டர் கையொப்பமிட்ட இருப்புநிலைக் குறிப்புடன் அவை பொருந்தா. எனவே முதலில் பேக்கப் எடுத்து, பழைய அறிக்கைகளை அச்சிட்டு வையுங்கள். பதிவுகள் உள்ள லெட்ஜரை டாலி நீக்க விடாது. பயன்பாட்டில் இல்லாதவற்றின் பெயருக்கு முன்னால் ‘பழைய’ என்று சேர்த்து, அதே இயல்புள்ள குரூப்பிலேயே விட்டுவிடலாம். புதிய லெட்ஜர் திறக்கும் அனுமதியை இனி ஒருவருக்கு மட்டும் கொடுங்கள். அவசரத்துக்கு ஆளாளுக்குத் திறந்தவைதாம் பெரும்பாலும் இப்படி முந்நூறாகின்றன.