டிக்கிக் காரை விற்கலாமா, வைத்திருக்கலாமா? வன்னி வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என்னிடம் 2008ஆம் ஆண்டு ரொயோட்டா ஆக்சியோ 141 செடான் (பின்னால் மூடிய டிக்கியுள்ள கார்) நிற்கிறது. "இனிச் செடான் ஒருத்தரும் வாங்கமாட்டினம், விலை விழமுதல் வித்துப்போட்டு ஜீப் மாதிரி ஒண்டை எடுங்கோ" என்று வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் சொல்கிறார்கள். உண்மையா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், கிளிநொச்சி)

பதில்: பிள்ளைகள் இருக்கும் நாடுகளைப் பார்த்தால் அதில் உண்மை இருக்கிறது. வட அமெரிக்காவில் செடான்களை ஒவ்வொன்றாக நிறுத்தப்போவதாக போர்ட் நிறுவனம் 2018 ஏப்ரலில் அறிவித்தது. செவ்ரோலே மாலிபு 2024 நவம்பரோடு நின்றது. எங்கள் ஆட்களுக்கு நன்கு பழகிய பிறீமியோ, அலியன் இரண்டையும் ரொயோட்டா 2021 மார்ச்சில் நிறுத்தியது. ஹொண்டா கிறேஸ் அதற்கு முதல் ஆண்டே போய்விட்டது.

கிறேஸின் கதையைப் பார்த்தால் காரணம் விளங்கும். ஃபிட் என்ற சின்னக் காரின் அடித்தளத்தில்தான் கிறேஸ் செடானும் கட்டப்பட்டது, ஜீப் மாதிரியான ஹொண்டா வெசலும் கட்டப்பட்டது. வெசல் கொஞ்சம் உயரம், சீற் மேலே, பின்கதவு முழுதாகத் திறக்கும். அதற்காகவே கூடுதல் விலை கொடுத்து வாங்க ஆட்கள் இருந்தார்கள். ஒரே அடித்தளத்தில் இலாபம் கூடத் தருவதைத்தான் எந்த நிறுவனமும் வைத்துக்கொள்ளும். முன்பு உயரமான வண்டி பெற்றோல் குடிக்கும் என்ற பயம் செடானைக் காப்பாற்றியது. சின்ன ரேர்போ எஞ்சினும் ஹைபிரிட்டும் வந்த பிறகு அந்தப் பயமும் குறைந்துவிட்டது.

ஆனால் உங்கள் கார் நிற்பது இலங்கைச் சந்தையில். 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. வரியும் எஞ்சின் கொள்ளளவைப் பார்த்து ஏறுகிறது. அதனால் இங்கே பழைய, ஒழுங்கான செடான் சட்டென்று மதிப்பிழக்காது. உங்கள் காரில் இருப்பது 1என்இசட் எஞ்சின் என்றால் விற்ஸ், புறொபொக்ஸ், அலியன் என்று பலவற்றிலும் அதே எஞ்சின்தான். பாகம் இல்லாமல் நிற்கமாட்டீர்கள். இங்கே கிடைக்காதது கொழும்பு பஞ்சிகாவத்தையில் கிடைக்கும்.

விற்பதற்கு முன் ஒன்றைப் பாருங்கள். காலையில் குளிர்ந்த எஞ்சினோடு புறப்படும்போது கார் நடுங்கி இழுக்கிறதா? உங்களுடையது சி.வி.ரி. (இரும்புப் பட்டியால் ஓடும்) கியர் பொக்ஸ் என்றால், ஒயில் பழுதாகியிருக்கலாம். 40,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றுங்கள், கைநூலில் குறித்திருக்கும் சி.வி.ரி. ஒயிலையே ஊற்றச் சொல்லுங்கள். சாதாரண ஓட்டோமற்றிக் கியர் ஒயிலை ஊற்றினால் உள்ளே இருக்கும் இரும்புப் பட்டி வழுக்கத் தொடங்கும். அந்தச் செலவு, "செடான் விலை விழும்" என்று பயந்து நீங்கள் இழக்கக்கூடியதைவிடப் பெரியது. கார் நடுங்காமல் ஓடுகிறது, வீட்டு வாசல்வரை தார் றோட்டு என்றால் வைத்திருங்கள்.

கேள்வி: ஒட்டுசுட்டானில் இருந்து உள்ளுக்கு நான்கு கிலோமீற்றர் கிரவல் றோட்டு. காரின் வயிறு இடிக்கிறது. சொக் அப்சோபருக்கு (அதிர்வுதாங்கிக்கு) மேல் அடப்டர் போட்டு இரண்டு அங்குலம் தூக்கலாம் என்கிறார் கராஜ்காரர். போடலாமா?

பதில்: இரண்டு அங்குலம் வேண்டாம். அடப்டருக்குப் போகுமுன் செய்ய வேண்டியவை இருக்கின்றன. அதிலேயே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

முதலில் அளவுங்கள். சமதரையில் நிறுத்தி, நான்கு ரயருக்கும் சரியான காற்று அடித்து, டிக்கியைக் காலியாக்குங்கள். வீலின் நடுப்புள்ளியில் இருந்து நேர் மேலே மட்கார்ட் விளிம்புவரை அளவுநாடாவால் அளந்து, இடது வலது இரண்டையும் குறியுங்கள். இரண்டுக்கும் 10 மில்லிமீற்றருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் தாழ்ந்த பக்க ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது, அல்லது அடிச்சுற்று உடைந்துவிட்டது. பழைய செடான்களில் இது சாதாரணம். புது ஸ்பிரிங் போட்டாலே இழந்த உயரம் திரும்பி வரும். ஒரு பக்கம் மட்டும் மாற்றாமல் சோடியாக மாற்றுங்கள்.

பிறகு ரயர். கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவைப் பாருங்கள். 175/65ஆர்15 என்றிருந்தால் 185/65ஆர்15 போடலாம், உள்ளே உரசாவிட்டால். கார் உயர்வது வெறும் 6.5 மில்லிமீற்றர்தான், ஆனாலும் குழிக்கும் கல்லுக்கும் பக்கச்சுவர் கூடத் தாங்கும். வேகமானி 100 காட்டும்போது உண்மையில் 102 ஓடுவீர்கள், அவ்வளவுதான்.

இதற்கும் போதாவிட்டால்தான் அடப்டர், அதுவும் 20 முதல் 25 மில்லிமீற்றருக்குள். அதற்கு மேல் தூக்கினால் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். முன்வீலுக்குப் போகும் ட்ரைவ் சாஃப்ற் கீழ்நோக்கிச் சரிந்து, வளைந்த நிலையிலேயே சுற்றும். அதன் மூட்டு இணைப்பை மூடிய றப்பர் பூட் கிழியும், கிறீஸ் வெளியே தெறிக்கும், கிரவல் தூசு உள்ளே போகும். சில மாதத்தில் ஸ்ரியறிங்கை முழுதாகத் திருப்பும்போது "டக் டக்" என்று கேட்கும். வீல் கீழே தொங்கும்போது அதன் பந்து மூட்டும் பிரேக் ஹோஸும் இழுபடும். ஸ்பிரிங் சுற்றுகளுக்கு நடுவே செருகும் றப்பர் இன்னும் மோசம். அது அந்த இடத்தைச் சுருங்கவிடாது, பாரம் முழுவதும் மற்றச் சுற்றுகளில் ஏறி ஸ்பிரிங் முறியும். எதைப் போட்டாலும் அன்றைக்கே வீல் அலைன்மென்ற் பார்த்து, முன்லைற்றையும் இறக்கிச் சரிசெய்யுங்கள்.

எஞ்சினுக்குக் கீழே இருக்கும் பிளாஸ்ரிக் தட்டு உங்கள் காரில் இருக்கிறதா என்றும் குனிந்து பாருங்கள். ஒயில் மாற்றும்போது கழற்றி, ஆணி காணாமல் போய், அப்படியே விட்டுவிட்ட கார்கள் நிறைய. 2 மில்லிமீற்றர் இரும்புத் தகட்டிலும் அடிக்கலாம், ஒயில் ஆணிக்கு நேரே துளை விடச் சொல்லுங்கள்.

ஓட்டும் முறையிலும் விஷயம் இருக்கிறது. மழைக்குப் பிறகு டிராக்டர் ஓடிய றோட்டில் இரண்டு பக்கமும் தடம் பதிந்து நடுவில் மண் வரம்பு நிற்கும். கார் அந்தத் தடத்திலேயே இறங்கினால் நடு வரம்புதான் வயிற்றில் இடிக்கும். ஒரு பக்க வீலை வரம்பின் மேலும் மற்றதைக் கரையிலும் ஏற்றி 20 கிலோமீற்றர் வேகத்தில் போங்கள். எங்காவது பலமாக இடித்தால் பத்தடி தள்ளி நிறுத்தி, கீழே ஒயில் சொட்டுகிறதா என்று பாருங்கள். சிவப்பு ஒயில் லைற் எரிந்தால் "வீடு கிட்டத்தானே" என்று ஓட்டாதீர்கள். ஒயில் இல்லாமல் ஓடும் சில நிமிடம் எஞ்சினைச் சாகடிக்கப் போதும்.

கேள்வி: அம்மாவுக்கு முழங்கால் வலி. எங்கள் நிசான் சனிக் காரில் ஏறுவதைவிட இறங்குவதுதான் பெரும் பாடு. வான் எடுத்தால் நல்லதா? (மல்லாவி)

பதில்: வான் எடுக்க அவசரப்படாதீர்கள், அதன் படி அம்மாவுக்கு வேறு விதத்தில் பாடாகும். செடானில் கீழே விழுவதுபோல் இருக்கவேண்டும், வானில் மலை ஏறவேண்டும். அம்மா வீட்டில் சிரமமில்லாமல் எழும்பும் கதிரையின் உயரத்தை அளவுங்கள். பிறகு நீங்கள் பார்க்கும் ஒவ்வொரு வண்டியிலும் சீற் விளிம்பிலிருந்து நிலம்வரை அளந்து ஒப்பிடுங்கள். கதிரைக்குக் கிட்ட வருவதை எடுங்கள். பெரும்பாலும் வகன் ஆர், றைஸ், வெசல் போன்ற நடுத்தர உயரம்தான் பொருந்தும். வயதானவர்கள் செடானைக் கைவிட இதுவும் ஒரு காரணம், வெறும் நாகரிகம் இல்லை.

மாற்றும்வரைக்கும் அம்மாவை முன் சீற்றில் இருத்துங்கள், பின்னுக்குத் தள்ளிவிட்டு. முதுகு காருக்குள் பார்க்க முதலில் சீற்றில் உட்கார்ந்து, பிறகு இரண்டு காலையும் ஒன்றாக உள்ளே திருப்பவேண்டும். துணிச் சீற்றில் ஒரு பிளாஸ்ரிக் பையை விரித்தால் திரும்புவது இலகு. திரும்பியதும் பையை இழுத்து எடுத்துவிடுங்கள், பிரேக் பிடிக்கும்போது வழுக்கும். இறுக்கமான ஐந்து சென்ரிமீற்றர் மெத்தை போட்டால் உயரமும் கொஞ்சம் கிடைக்கும். மென்மையான தலையணை உதவாது, அமுங்கிவிடும்.

கேள்வி: காலபோக அறுவடைக்கு அலியன் டிக்கியில் நான்கு மூடை நெல் ஏற்றலாமா? இடம் காணும். (விசுவமடு)

பதில்: இடம் காணும், வண்டி தாங்காது. ஜப்பானில் ஐந்து பேர் காருக்கு ஆள் ஒன்றுக்கு 55 கிலோவாகக் கணக்குப் போட்டு, 275 கிலோ பாரத்துக்குத்தான் அனுமதிக்கிறார்கள். மூடை 65 முதல் 70 கிலோ. நீங்களும் உங்களோடு ஒருவரும் இருந்தால் மிச்சம் 150 கிலோவுக்குள். அதாவது இரண்டு மூடை, அதிலும் ஒன்றைப் பின்சீற்றின் கால்வைக்கும் இடத்தில் வையுங்கள். டிக்கிப் பாரம் முழுவதும் பின் அச்சுக்குப் பின்னால் விழுவதால் முன்பக்கம் எழும்பி, ஸ்ரியறிங் லேசாகும், பிரேக் நீளும், முன்லைற் எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். மற்ற மூடைகளுக்குப் பட்டா (சின்ன லொறி) பிடியுங்கள்.

கேள்வி: றோட்டில் காயப்போட்ட வைக்கோலுக்கு மேலே ஓடினால் கார் எரியும் என்கிறார்களே?

பதில்: எரியக்கூடும். புகைக்குழாயில் இருக்கும் கற்றலிற்றிக் பெட்டி ஓடும்போது நூற்றுக்கணக்கான பாகை சூட்டில் இருக்கும். பதிந்த காரில் காய்ந்த வைக்கோல் அதைச் சுற்றி இழுபட்டு முறுகிக்கொள்ளும். ஓடும்போதும் பற்றலாம், நிறுத்திய பிறகும் பற்றலாம். வைக்கோலைத் தாண்டியதும் வெறும் தரையில் நிறுத்தி, நீளத் தடியால் கீழே இழுத்து எடுங்கள், கையை விடவேண்டாம். கருகின மணம் வந்தால் ஆட்களை இறக்கிவிட்டுப் பாருங்கள். வைக்கோல் குவியலின் மேல் ஒருபோதும் கார் நிறுத்தாதீர்கள்.

கேள்வி: பரந்தனில் ஒரு ஆக்சியோ ஹைபிரிட் மலிவாக வருகிறது. செடானுக்கு மவுசு இல்லாததால் மலிவு என்கிறார் விற்பவர். நம்பலாமா?

பதில்: அந்தக் காரணத்தை மட்டும் நம்பி வாங்காதீர்கள். இந்தப் பக்கம் 2018 டிசெம்பர் வெள்ளத்தைக் கண்ட பகுதி. தண்ணீரில் நின்ற கார் பொலிஷ் போட்டுவிட்டால் வெளியே தெரியாது. சீற் பெல்ற்றை முடியும்வரை வெளியே இழுங்கள். உள்ளே சுற்றியிருக்கும் பகுதியில் மண் கோடு நிற்கும், அதை ஒருவரும் கழுவுவதில்லை. ஸ்பெயார் ரயரைத் தூக்கிக் குழியைப் பாருங்கள். சீற் தண்டவாளத்தின் ஆணித் தலையில் துரு, கதவு றப்பரைக் கழற்றினால் உள்ளே சேறு, ஏசியை அரை மணித்தியாலம் போட்டபின் மூடிய காருக்குள் ஊத்தை மணம்: இவற்றில் இரண்டு இருந்தால் திரும்பி வாருங்கள்.

ஆக்சியோ ஹைபிரிட்டில் பெரிய பற்றறி பின்சீற்றின் கீழே இருக்கிறது. அதைக் குளிர்விக்கும் காற்று சீற் ஓரத்தில் இருக்கும் சின்னத் துவாரத்தால் போகிறது. எங்கள் செம்மண் தூசு அந்த விசிறியில் படிந்தால் பற்றறி சூடேறி, ஒவ்வொரு செல்லாகச் சாகும். விசிறியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். வாங்கினால் 10,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை துப்புரவாக்குங்கள், துவாரத்துக்கு முன்னால் துணிப்பை வைக்காதீர்கள். உயர் அழுத்த மின்சாரம் போகும் செம்மஞ்சள் வயரில் மட்டும் தெரியாதவர் கை வைக்கக்கூடாது.

"ஓப்பின் பேப்பரில்" (பெயர் மாற்றாமல், கையெழுத்து வைத்த படிவத்தோடு மட்டும்) தருகிறேன் என்றால் வேண்டாம். பதிவுப் புத்தகத்தில் இருப்பவரின் பெயரும் அடையாள அட்டையும் பொருந்தவேண்டும். செசி இலக்கத்தை நீங்களே வாசித்துப் பாருங்கள். லீசிங் முடிந்த கடிதத்தைக் கேளுங்கள்.

மாரியில் ஓடும்போது, வீலின் நடுப்பகுதிக்கு மேல் தண்ணீர் நின்றால் இறங்காதீர்கள். அது ஏறத்தாழ 30 சென்ரிமீற்றர். ஓடும் தண்ணீர் என்றால் அதற்குக் குறைவாக இருந்தாலும் நில்லுங்கள். தண்ணீரில் எஞ்சின் நின்றால் மறுபடி ஸ்ராட் பண்ணவேண்டாம். உள்ளே போன தண்ணீர் அமுங்காது, கனெக்ரிங் றொட் வளைந்துவிடும். தள்ளிக் கரைக்கு ஏற்றி, மெக்கானிக் நான்கு பிளக்கையும் கழற்றித் தண்ணீரை வெளியேற்றிய பின்னர்தான் சாவி.

கேள்வி: வவுனியாவில் இருந்து கட்டுநாயக்காவுக்கு ஹயர் ஓடுகிறேன். பிறீமியோவைக் கொடுத்துவிட்டு வெசல் எடுக்கவா?

பதில்: ஏ9இலும் அதற்கப்பாலும் தார் றோட்டிலேயே ஓடும் உங்களுக்குப் பிறீமியோ குறைவில்லை. நீண்ட ஓட்டத்தில் பதிந்த கார் காற்றுக்கு ஆடாது, பின்னால் இருப்பவர் நித்திரை கொள்வார். மூடிய டிக்கியில் ஒரு நன்மையும் உண்டு: முல்லைத்தீவுக் கருவாட்டுப் பொதியோடு விமான நிலையத்துக்குப் போகிறவர்களை ஏற்றுகிறீர்கள். வெசலில் அந்த மணம் பயணிகளோடு ஒரே அறைக்குள் நிற்கும்.

2021க்கு முந்திய வெசல் ஹைபிரிட் எடுத்தாலும், அதன் ஏழு கியர் இரட்டைக் கிளச், நெரிசலில் அங்குலம் அங்குலமாக ஊர்ந்தால் சூடேறும். பிரேக்கை மிதித்து நின்று, இடைவெளி விழுந்தபின் நகருங்கள். அக்ஸிலேற்றரில் பிடித்து வண்டியை நிறுத்தி வைக்கக்கூடாது. நான்கு பேரும் எட்டுச் சூட்கேஸும் என்று வரும் ஹயருக்கு இரண்டுமே காணாது. அதை வான்காரருக்கு விட்டுவிடுங்கள்.