இறவாரம் இல்லாத ஓடு

அன்புள்ள அண்ணாச்சி,

நாகர்கோவிலில் ஓட்டு வீடுகளை இடித்துச் சதுரப் பெட்டிகளாகக் கட்டுவது நவீனத்துவம் செய்த கேடு என்று எழுதியிருந்தீர்கள். இப்போது புது வீடுகளின் முகப்பில் ஓடும் தூணும் திண்ணையும் திரும்பி வருகின்றனவே? கட்டடக்கலை படிக்கும் என் தம்பி இதைப் பின்நவீனத்துவம் என்கிறான். உங்களுக்கு மகிழ்ச்சிதானே?

ஒரு வாசகர், நாகர்கோவில்

அன்புள்ள நண்பருக்கு,

மகிழ்ச்சி இல்லை. தம்பி சொன்ன பெயர் பொருத்தமானதுதான். அலங்காரத்தை ஒதுக்கிய நவீனத்துவத்துக்கு மறுப்பாகப் பழைய அடையாளங்களைத் திரும்பக் கொண்டுவருவதே கட்டடக்கலையில் பின்நவீனத்துவம். 'குறைவே நிறைவு' என்றார் நவீனத்துவக் கட்டடக் கலைஞர் மீஸ் வான் டெர் ரோ; 'குறைவே சலிப்பு' என்று திருப்பியடித்தார் பின்நவீனத்துவரான ராபர்ட் வெஞ்சூரி. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் ஏழைகளுக்காக நவீனத்துவ பாணியில் கட்டிய, 33 அடுக்ககங்கள் கொண்ட ப்ரூயிட் ஐகோ அரசுக் குடியிருப்பை 1972-ல் வெடிவைத்துத் தகர்க்கத் தொடங்கியதையே நவீனத்துவத்தின் மரணம் என்றார் கட்டடக்கலை விமர்சகர் சார்லஸ் ஜெங்க்ஸ். எனக்கு அது அநியாயமான தீர்ப்பு. பராமரிப்புச் செலவை ஏழைகளின் வாடகையிலிருந்தே எடுக்கச் சொன்ன ஏற்பாட்டுக்குக் கட்டடம் என்ன செய்யும்? நானும் சென்ற கட்டுரையில் அப்படித்தான் அவசரப்பட்டுவிட்டேன்.

என் உறவினர் ஒருவர் சென்ற ஆண்டு வீடு கட்டினார். சரிவாகக் கான்கிரீட் போட்டு, மேலே சிமெண்டில் ஓடு பதித்திருக்கிறார்கள். சுவரைத் தாண்டி நீளவேண்டிய கூரை விளிம்பான இறவாரம் அரையடிகூட வெளியே நீளவில்லை. ஆனி மழை நேராகச் சன்னலில் அடிக்கிறது. ஐப்பசியில் சுவர் ஓதம் காத்துவிட்டது. பின்பக்க மொட்டைமாடியில் இப்போது இரும்புச் சட்டம் (ட்ரஸ்) அடித்துத் தகரம் போட்டிருக்கிறார். இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டத்தில் ஓட்டின் வேலையைத் தகரம் செய்கிறது, ஓடு சும்மா இருக்கிறது.

பத்மநாபபுரம் அரண்மனையில் ஓடு வெறும் அழகுக்கு இல்லை. கூரை தாழ்ந்து இறங்கிச் சுவரை நனையவிடாமல் காக்கிறது. சன்னல்களின் மர அழிகளின் (கம்பிச் சட்டங்களின்) இடுக்கு வழியே காற்று வருகிறது, வெயில் வருவதில்லை.

அடையாளமே கூடாது என்று நான் சொல்லவில்லை. சண்டிகரில் நவீனத்துவக் கட்டடக் கலைஞர் கார்பூசியே கான்கிரீட் வார்த்துக்கொண்டிருந்த அதே காலத்தில், 1956-ல், கன்னியாகுமரியில் ஒடிசா கோயில் சாயலில் காந்தி மண்டபம் எழுந்தது. ஆனால் அதன் கூரையில் ஒரு துளை உண்டு. அக்டோபர் 2 நண்பகலில் அஸ்திக் கலசம் வைத்திருந்த இடத்தில் அதன் வழியே வெயில் விழும். சூரியனைக் கணக்கிட்டுக் கட்டியிருக்கிறார்கள். நம் புது முகப்புகளில் நான் தேடுவது அந்தக் கணக்கைத்தான்.

தம்பியை ஒரு மழைநாளில் பத்மநாபபுரத்துக்குக் கூட்டிப்போங்கள். உப்பரிகையைக் காட்டுமுன் இறவாரத்தடியில் நிறுத்துங்கள். தண்ணீர் எங்கே விழுகிறதென்று அவரே பார்க்கட்டும்.