டைனோவில் எந்த எண்ணை நம்புவது?

கேள்வி: ஃபோர்ஜ்டு பிஸ்டன், புதிய கேம்ஷாஃப்ட், மாற்றியமைத்த சிலிண்டர் ஹெட் ஆகியவற்றுடன் ஐந்து லிட்டர் வி8 எஞ்சின் ஒன்றை எட்டு மாதங்களாகப் பார்த்துப் பார்த்துக் கட்டி முடித்திருக்கிறேன். காரில் ஏற்றுமுன் அதை டைனோவில், அதாவது எஞ்சினின் திறனைச் சோதிக்கும் மேடையில், ஓட்டியே ஆக வேண்டுமா? இதே அமைப்பில் என் நண்பர் கட்டிய எஞ்சின் ஓரிடத்தில் 350 குதிரைத்திறனும் வேறோரிடத்தில் 337 குதிரைத்திறனும் காட்டியதால், எந்த எண்ணை நம்புவது என்றும் புரியவில்லை.

பதில்: எட்டு மாத உழைப்பு என்கிறீர்கள், அதற்காகவே ஓட்டிப் பாருங்கள். எண்ணெய்க் கசிவு, தளர்ந்த வால்வு, தவறான இக்னிஷன் டைமிங் (தீப்பொறி விழும் நேரம்) என எது இருந்தாலும், நான்கு பக்கமும் கை எட்டும் டைனோ மேடையில் அது தெரியவருவதற்கும், காருக்குள் பூட்டிய பிறகு சாலையில் தெரியவருவதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு.

முதலில் உங்கள் நண்பரின் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். டைனோ குதிரைத்திறனை நேரடியாக அளப்பதில்லை; நீரின் தடையாலோ மின்காந்தத் தடையாலோ எஞ்சினை இழுத்துப் பிடித்து, அது எதிர்த்துத் திருகும் முறுக்குவிசையையும் சுழல்வேகத்தையும் மட்டுமே அளக்கிறது. நியூட்டன் மீட்டரில் உள்ள முறுக்குவிசையை நிமிடச் சுழற்சியால் பெருக்கி 9,549 ஆல் வகுத்தால் கிலோவாட் கிடைக்கும். 6,000 சுழற்சியில் 400 நியூட்டன் மீட்டர் என்றால் ஏறத்தாழ 251 கிலோவாட், அதாவது 337 குதிரைத்திறன். இதன்மேல் அன்றைய வெப்பம், காற்றழுத்தம், ஈரப்பதம் ஆகியவற்றுக்காக ஒரு திருத்தக் காரணியைப் போடுவார்கள். எஸ்ஏஇ என்ற வாகனப் பொறியாளர் சங்கத்தின் ஜே1349 தரம் 25 டிகிரி செல்சியஸை அடிப்படையாகக் கொள்கிறது. பழைய ஜே607 குளிர்ந்த, அடர்த்தியான காற்றை, ஏறத்தாழ 15.6 டிகிரியை, அடிப்படையாகக் கொள்வதால் அதே எஞ்சினுக்குச் சுமார் 4 விழுக்காடு கூடுதலாகக் காட்டும். 337க்கும் 350க்கும் உள்ள இடைவெளி ஏறக்குறைய அவ்வளவுதான். ஓர் இடத்தில் சக்கரத்திலும் மற்றோர் இடத்தில் எஞ்சினிலும் அளந்திருந்தால் வேறுபாடு இன்னும் பெரிதாகும். ஆகவே ஒரே டைனோவில், ஒரே திருத்தத்தில் எடுத்த ஓட்டங்களை மட்டுமே ஒப்பிடுங்கள்.

எனக்கு முக்கியமாகப் படுவது முதல் அரை மணி நேரம்தான். ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே ஆயில் பம்பைத் தனியாகச் சுழற்றி, அழுத்தமானியின் முள் எழுவதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும். வால்வுகளைத் திறக்கும் முகடுகள் கொண்ட தண்டான உங்கள் கேம்ஷாஃப்ட், உருளையின்றி முகடு நேரடியாக உரசி ஓடும் தட்டை டேப்பெட் வகை என்றால், எஞ்சின் பற்றியவுடன் ஐடிலில் விடாமல் 2,000 முதல் 2,500 சுழற்சிக்குள் ஏற்றியிறக்கி 20 நிமிடம் ஓட்டுங்கள். கேம் முகடுகளுக்குத் தெறித்து வரும் எண்ணெய்தான் உயிர், குறைந்த வேகத்தில் அது போதாது. பிறகு மிதமான சுமையை ஏற்றியிறக்கினால், எரியும் வாயுவின் அழுத்தம் பிஸ்டன் ரிங்குகளைச் சிலிண்டர் சுவரோடு ஒட்டிப் படிய வைக்கும். முழு ஆக்சிலரேட்டர் அதற்குப் பிறகுதான்.

முழுச்சுமையில் டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சினுக்குக் காற்று–எரிபொருள் விகிதம் 12.5 முதல் 13 வரை, அதாவது எடையில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு அத்தனை பங்கு காற்று, இருப்பது வழக்கம். டைமிங்கை ஓரிரு டிகிரியாகவே முன்னேற்றுங்கள். முறுக்குவிசை உயராமல் நின்றுவிட்டால் அதற்கு மேல் போவதில் பயனில்லை, நாக்கிங் (எரிபொருள் கலவை கட்டுப்பாடின்றி வெடித்து எரிதல்) ஆபத்து மட்டுமே கூடும். உச்ச எண்ணைவிட, நீங்கள் அதிகம் ஓட்டப்போகும் சுழல்வேகங்களில் முறுக்குவிசைக் கோடு பள்ளம் விழாமல் போகிறதா என்று பார்ப்பதே அன்றாட ஓட்டத்துக்கு உதவும்.

கடைசி ஓட்டம் முடிந்ததும் ஆயில் ஃபில்டரை வெட்டி, உள்ளே மடிந்திருக்கும் தாளை விரித்து வெளிச்சத்தில் பிடியுங்கள். மாவு போன்ற மெல்லிய சாம்பல் பளபளப்பு, ரிங்குகள் படிந்ததன் அடையாளம், கவலை வேண்டாம். செம்பு நிறச் செதில் ஒன்று தெரிந்தாலும் பேரிங் தேய்கிறது என்று பொருள். எவ்வளவு நல்ல எண் வந்திருந்தாலும் காரில் ஏற்றாமல் அங்கேயே எஞ்சினைப் பிரித்துப் பாருங்கள்.