ஹார்மோன் மாத்திரையும் அதன் தொல்லைகளும்: கேள்வி பதில்

மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிந்து ஹார்மோன் சிகிச்சையில் இருப்பவர்களுக்கான பகுதி இது. டமாக்சிஃபென், லெட்ரோசோல், அனஸ்ட்ரசோல், எக்ஸிமெஸ்டேன், சினைப்பையை அடக்கும் ஊசி ஆகியவற்றின் பக்கவிளைவுகளைக் கேளுங்கள். நான் புற்றுநோய்ப் பிரிவு மருந்தாளர். ரிப்போர்ட்டைப் பார்த்து நோய் திரும்புமா என்று சொல்வது உங்கள் டாக்டரின் வேலை. கேட்கும்போது மாத்திரையின் பெயர், எத்தனை மாதமாகச் சாப்பிடுகிறீர்கள், மாதவிலக்கு நின்றுவிட்டதா, கூட என்னென்ன மாத்திரைகள் என்று நான்கையும் எழுதுங்கள்.

திருச்சி வாசகி: வயசு 58. லெட்ரோசோல் ஆரம்பிச்சு மூணு மாசம் ஆச்சு. காலையில எழுந்தா விரலை மடக்க முடியல, முட்டி பிடிச்சுக்குது. கொஞ்ச நேரம் நடந்தா சரியாகுது. மாத்திரையை நிறுத்திடலாமா?

நிறுத்த வேண்டாம் அம்மா. டாக்டரிடம் சொல்லாமல் கட்டாயம் நிறுத்தக் கூடாது.

லெட்ரோசோல், மாதவிலக்கு நின்றபின் உடம்பில் மிச்சமிருக்கும் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனை ஏறக்குறைய முழுதாகவே வற்ற வைக்கிறது. மூட்டுகளுக்கு அது பழக்கமில்லாத நிலை. பெரும்பாலும் இரண்டு மூன்று மாதத்தில் பிடிப்பு ஆரம்பிக்கும். இரண்டு பக்கமும் வலிக்கும், காலையில் அதிகமாக இருக்கும், அசைந்தால் விடும். நீங்கள் சொல்வது இதற்கு அப்படியே பொருந்துகிறது. ஆனால் ஒரே மூட்டு வீங்கிச் சிவந்தாலும், ஒரே எலும்பில் ராத்திரி படுத்தாலும் அடங்காமல் வாராவாரம் வலி கூடினாலும் அது மாத்திரை வலி என்று நீங்களாக முடிவு கட்டாதீர்கள். டாக்டரைப் பாருங்கள். வைட்டமின் டி, தைராய்டு இரண்டையும் ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது.

மருந்துக்கு முன்னால் உடற்பயிற்சி. இதை நான் ஒப்புக்குச் சொல்லவில்லை. 2015-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், இந்த வகை மாத்திரையால் மூட்டு வலி வந்த பெண்கள் வாரம் 150 நிமிட நடையும் இரண்டு நாள் எடைப் பயிற்சியும் ஒரு வருடம் செய்தார்கள். கடும் வலியின் அளவு கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைந்தது. செய்யாதவர்களுக்கு ஏறக்குறைய மாற்றமே இல்லை. முதல் வாரம் பத்து நிமிடம் நடந்தால் போதும்; வாரத்துக்கு ஐந்து நிமிடமாகக் கூட்டி, வாரம் ஐந்து நாள் அரை மணி நேரத்துக்குக் கொண்டு வாருங்கள். எடைப் பயிற்சிக்கு ஜிம் வேண்டாம். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருவது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது, அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தூக்குவது என்று தொடங்குங்கள். ஆபரேஷன் ஆன பக்கத்துக் கையிலும் செய்யலாம். எடையை மட்டும் மெதுவாகக் கூட்டி, கை வீங்குகிறதா என்று கவனியுங்கள். விரல்களுக்குக் காலையில் வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் கையை வைத்து, மூடி மூடித் திறங்கள். ஒரு விரல் மட்டும் மடங்கி மாட்டிக்கொண்டு 'டக்' என்று விடுபட்டால் அது வேறு; ராத்திரி பட்டை கட்டலாம், இல்லையென்றால் ஊசி போடலாம்.

இதற்கும் அடங்காவிட்டால் டாக்டரிடம் இரண்டு வழிகளைக் கேளுங்கள். ஒன்று டுலோக்ஸெடின்: ஒரு வாரம் 30 மி.கி., பிறகு 60 மி.கி. மனச்சோர்வு மருந்துதான், ஆனால் இந்த மூட்டு வலிக்கென்றே சோதித்துப் பலன் கண்டது. நிறுத்தும்போது படிப்படியாகக் குறைக்க வேண்டும். இன்னொன்று, டாக்டர் சொல்லும் சில வாரங்கள் இடைவெளி விட்டு அனஸ்ட்ரசோலுக்கோ எக்ஸிமெஸ்டேனுக்கோ மாறுவது. மூன்றும் ஒரே வேலையைச் செய்பவை. ஆனாலும் ஒன்று ஒத்துக்கொள்ளாத பலருக்கு இன்னொன்று ஒத்துக்கொள்கிறது. எதுவுமே ஒத்துவராவிட்டால் டமாக்சிஃபென் இருக்கிறது.

மதுரை வாசகி: 44 வயசு, டமாக்சிஃபென் 20, எட்டு மாசம். திடீர்னு குப்புனு சூடு ஏறி வேர்த்துக் கொட்டுது. ராத்திரி ரெண்டு தடவை நைட்டி மாத்தறேன். உடம்பு சூடுன்னு சதாவரி லேகியம் சாப்பிடச் சொல்றாங்க.

சதாவரி வேண்டாம். சதாவரி என்கிற தண்ணீர்விட்டான் கிழங்கு, அதிமதுரம், கடையில் 'மெனோபாஸ்' என்று எழுதி விற்கும் மூலிகைக் கேப்ஸ்யூல்கள் எல்லாம் ஈஸ்ட்ரோஜன் போல வேலை செய்யக்கூடியவை என்று கருதப்படுபவை. ஈஸ்ட்ரோஜனைத் தடுக்க ஒரு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு இவற்றையும் சேர்ப்பதில் அர்த்தமில்லை. உணவாகச் சாப்பிடும் சோயா, எள், வெந்தயத்துக்குப் பயப்பட வேண்டாம்.

இது வெயில் சூடு இல்லை. மூளையில் உடல் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் இடம் ஈஸ்ட்ரோஜன் இல்லாமல் தடுமாறுகிறது. அதனால் இளநீரும் மோரும் இதமாக இருக்குமே தவிர இதை நிறுத்தாது. காப்பி, மது, கடுங்காரம் எது தூண்டுகிறது என்று இரண்டு வாரம் குறித்து வையுங்கள். படுக்கைக்கு நேராக ஃபேன், பருத்தி உடை, ஆரம்பிக்கும்போதே நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்று நிதானமாக விடுவது: இவை லேசாக இருப்பவர்களுக்குப் போதும். ராத்திரி இரண்டு முறை உடை மாற்றும் உங்களுக்குப் போதாது, மருந்து கேளுங்கள். வென்லாஃபாக்ஸின் ஒரு வாரம் 37.5, பிறகு 75 மி.கி. ஒன்றிரண்டு வாரத்திலேயே வித்தியாசம் தெரியும். ரத்த அழுத்தத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். தூக்கம்தான் பெரிய பிரச்சினை என்றால் ராத்திரி கபாபென்டின் 300 மி.கி. ஆக்ஸிபியூட்டினின் 2.5 மி.கி. இரு வேளையும் கேட்கும், ஆனால் வாய் உலரும், மலச்சிக்கல் வரும், வயதானவர்களுக்கு மறதி வரலாம்.

டமாக்சிஃபென் சாப்பிடும் எல்லோருக்கும் ஓர் எச்சரிக்கை. மனச்சோர்வுக்குத் தரும் பாரோக்ஸெடின், ஃப்ளூவாக்ஸெடின், பியூப்ரோபியான் மூன்றையும் தவிர்க்க வேண்டும். டமாக்சிஃபெனை உடம்புக்கு வேலை செய்யும் எண்டாக்ஸிஃபெனாக மாற்றுவது கல்லீரலில் உள்ள ஒரு நொதி. இந்த மூன்றும் அதைப் பூட்டிவிடுகின்றன. மேலே சொன்ன டுலோக்ஸெடினும் அதை ஓரளவு தடுக்கும். அது லெட்ரோசோல்காரர்களுக்குத்தான் சொன்னேன். எந்த டாக்டர் மன அமைதிக்கு, தூக்கத்துக்கு என்று எழுதினாலும் 'நான் டமாக்சிஃபென் சாப்பிடுகிறேன்' என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். ஏற்கெனவே இவற்றைச் சாப்பிடுபவர்கள் சட்டென்று நிறுத்தாமல் டாக்டரிடம் கேட்டு மாற்றுங்கள்.

கோவை வாசகி: எனக்கும் இதே சூடுதான். லெட்ரோசோல் சாப்பிடறேன்.

மதுரைக்குச் சொன்னதே. நொதி எச்சரிக்கை மட்டும் உங்களுக்குப் பொருந்தாது.

ஈரோடு வாசகி: சூட்டுக்கு மகளிர் டாக்டர் டிபோலோன் எழுதியிருக்காங்க. ஆரம்பிக்கலாமா?

ஆரம்பிக்காதீர்கள். டிபோலோன் ஹார்மோன் போல வேலை செய்யும் மாத்திரை. மார்பகப் புற்றுநோய் வந்தவர்களிடம் டிபோலோனைச் சோதித்த பெரிய ஆய்வில் நோய் திரும்புவது கூடியதால் ஆய்வையே முன்கூட்டி நிறுத்தினார்கள். சீட்டை உங்கள் புற்றுநோய் டாக்டரிடம் காட்டுங்கள்.

செங்கல்பட்டு வாசகி: 55 வயசு, மாதவிலக்கு நின்னு அஞ்சு வருஷம். டமாக்சிஃபென் ரெண்டு வருஷம். ரத்தக்கசிவு எதுவும் இல்ல. செக்கப் ஸ்கேன்ல கருப்பை உள்சுவர் 11 மி.மீ.ன்னு வந்திருக்கு. கருப்பையை எடுத்துடலாம்னு சொல்றாங்க. பயமா இருக்கு.

அந்த எண்ணை மட்டும் வைத்து ஆபரேஷனுக்குச் சம்மதிக்காதீர்கள். டமாக்சிஃபென் உள்சுவருக்கு அடியில் இருக்கும் திசுவை நீர்க்கோத்துத் தடிக்க வைக்கும். ஸ்கேனில் அதுவும் உள்சுவரும் சேர்ந்து ஒன்றாகத் தெரியும். டமாக்சிஃபென் சாப்பிடாதவருக்கு வைத்திருக்கும் அளவுகோல் உங்களுக்குப் பொருந்தாது. கசிவு எதுவும் இல்லாதவருக்கு இந்த ஸ்கேனே வழக்கமாகத் தேவையில்லை. அடுத்து என்ன என்று மகளிர் புற்றுநோய் தெரிந்த டாக்டரிடம் இரண்டாவது கருத்துக் கேளுங்கள். சந்தேகம் இருந்தால் உள்ளே கேமரா விட்டுப் பார்த்துத் திசு எடுக்கலாம். எடுத்ததில் என்ன வருகிறதோ அதை வைத்துத்தான் முடிவு.

நெல்லை வாசகி: எங்க டாக்டர் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை ஸ்கேன் எடுக்கச் சொல்றார். அவர் தப்புன்னு சொல்றீங்களா?

உங்கள் டாக்டர் உங்களைப் பரிசோதித்தவர். ஏற்கெனவே பாலிப் (கருப்பைக்குள் வளரும் சிறு சதை) இருந்தது போன்ற காரணம் இருக்கலாம், கேளுங்கள். பொது விதியாகக் கேட்டால்: எந்த அறிகுறியும் இல்லாதவருக்கு வழக்கமாக ஸ்கேன் தேவையில்லை என்பதே அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கல்லூரியின் வழிகாட்டுதல். மாதவிலக்கு நிற்காத பெண்களுக்கு டமாக்சிஃபெனால் கருப்பைப் புற்று கூடுவதாகத் தெரியவில்லை என்றும் அதே வழிகாட்டுதல் சொல்கிறது.

சேலம் வாசகர்: என் சித்திக்கு ஸ்கேன்லதான் தெரிஞ்சுது. நீங்க சொல்றதைக் கேட்டு ஒருத்தர் ஸ்கேன் எடுக்காம விட்டா யார் பொறுப்பு?

உங்கள் சித்திக்கு ரத்தக்கசிவு இருந்ததா என்று கேட்டுப் பாருங்கள் ஐயா. பெரும்பாலானவர்களுக்கு இந்த நோய் கசிவாகத்தான் முதலில் வெளியே தெரிகிறது. நான் சொல்வது 'கவனிக்காதே' என்பதில்லை, 'சரியானதைக் கவனி' என்பது. மாதவிலக்கு நின்றவர் உள்ளாடையில் ஒரு சொட்டு ரத்தம் பார்த்தாலும், பழுப்பாகப் பட்டாலும் அந்த வாரமே மகளிர் டாக்டரிடம் போக வேண்டும். ஸ்கேனோடு திசுப் பரிசோதனையும் வேண்டும். இதற்கு முந்தைய ஸ்கேன் நார்மல் என்று ஒருவர் கசிவை அலட்சியப்படுத்தினால் அதுதான் ஆபத்து.

நெல்லை வாசகி: எடுத்துப் பார்த்தா நஷ்டம் என்ன? ஆயிரம் ரூபாதானே?

பணம் மட்டும் இல்லை. தடிப்பு என்று வரும், மயக்க மருந்து கொடுத்துச் சுரண்டுவார்கள், ஒன்றும் இருக்காது, ஆறு மாதத்தில் மறுபடியும் தடிப்பு என்று வரும். சுரண்டும்போது கருப்பையில் துளை விழுந்த சம்பவங்கள் உண்டு. இந்தப் பயத்திலேயே டமாக்சிஃபெனை விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்களே, அதுதான் பெரிய நஷ்டம். கணக்கைப் பாருங்கள்: டமாக்சிஃபெனை ஐந்து வருடம் சாப்பிடுவதையும் பத்து வருடம் சாப்பிடுவதையும் ஒப்பிட்டு 2013-இல் வந்த அட்லஸ் ஆய்வில், ஐந்தாம் ஆண்டிலிருந்து பதினான்காம் ஆண்டு வரை கருப்பைப் புற்று வந்தது பத்து வருடம் சாப்பிட்டவர்களில் 3.1 சதவீதம், ஐந்து வருடம் சாப்பிட்டவர்களில் 1.6. அதனால் இறந்தவர்கள் 0.4, 0.2 சதவீதம். அதே காலத்தில் மார்பகப் புற்றால் இறந்தவர்கள் பத்து வருடம் சாப்பிட்டவர்களில் 12.2, ஐந்து வருடத்தில் நிறுத்தியவர்களில் 15.0. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபின் முடிவு செய்யுங்கள்.

ஸ்கேன் பற்றி இன்னும் ஏழெட்டுக் கேள்விகள் வந்திருக்கின்றன. பதில் இதுவே. கசிவு இருந்தால் இந்த வாரம். இல்லாவிட்டால் உங்கள் டாக்டரிடம் காரணம் கேளுங்கள்.

தஞ்சாவூர் வாசகி: டமாக்சிஃபென். நேத்துலேருந்து இடது கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிக்குது. தைலம் தேய்க்கலாமா?

தேய்க்காதீர்கள், நீவிவிடாதீர்கள். இன்றே ஆஸ்பத்திரிக்குப் போய் டாப்ளர் ஸ்கேன் கேளுங்கள், டமாக்சிஃபெனால் வரக்கூடிய ரத்தக்கட்டியாக இருக்கலாம். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ உடனே 108. அடுத்த டமாக்சிஃபெனைப் போடும் முன் அங்கேயே கேளுங்கள்.

நாகர்கோவில் வாசகி: ஒரு நாள் மாத்திரை மறந்துபோச்சு. மறுநாள் ரெண்டா போடணுமா?

வேண்டாம், ஒன்றுதான். டமாக்சிஃபென் உடம்பில் பாதியாகக் குறையவே ஐந்து நாளுக்கு மேலாகும். ஒரு நாளில் ஒன்றும் ஆகாது.

பெயர் வேண்டாம்: அனஸ்ட்ரசோல் ஒரு வருஷம். பிறப்புறுப்பு வறண்டு எரியுது. கணவரோட சேரும்போது தாங்க முடியல. டாக்டர்கிட்ட கேட்கக் கூச்சமா இருக்கு.

கூச்சப்படாதீர்கள் அம்மா, இது மிகப் பலருக்கு வருவது. தானாகச் சரியாவதும் இல்லை, நாளானால் கூடும். ஈரப்பதம் தரும் ஜெல் வேறு, உறவின்போது போடும் வழுக்கு ஜெல் வேறு. இரண்டும் வேண்டும். ஹையலுரானிக் அமிலம் உள்ள ஈரப்பத ஜெல்லை வாரம் மூன்று முதல் ஐந்து இரவுகள், உறவு இருந்தாலும் இல்லாவிட்டாலும், உள்ளேயும் வாசலிலும் போடுங்கள். பலன் தெரிய ஆறு முதல் எட்டு வாரம் பிடிக்கும். பலர் இரண்டாம் வாரத்தில் விட்டுவிடுகிறார்கள். உறவின்போது தண்ணீர் அல்லது சிலிகான் அடிப்படையிலான ஜெல். தேங்காய் எண்ணெயும் பரவாயில்லை, ஆனால் ஆணுறையைக் கிழித்துவிடும். சோப்பு, டெட்டால், வாசனை வாஷ் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். வாசலில்தான் வலி என்றால், 4 சதவீத லிடோகெயின் திரவத்தைப் பஞ்சில் நனைத்து உறவுக்கு முன் மூன்று நிமிடம் அங்கே ஒற்றி வைக்கும் முறை ஆய்வில் பலன் தந்திருக்கிறது. டாக்டரிடம் எழுதி வாங்குங்கள்.

ஈஸ்ட்ரோஜன் கிரீமை நீங்களாகக் கடையில் வாங்காதீர்கள். 2022-இல் வந்த டென்மார்க் ஆய்வில், உங்கள் வகை மாத்திரையோடு அதைப் பயன்படுத்தியவர்களிடம் நோய் திரும்புவது கூடியிருந்தது. டமாக்சிஃபென்காரர்களிடம் அப்படித் தெரியவில்லை.

வேலூர் வாசகி: மூட்டு வலி தாங்கல. லெட்ரோசோலை நிறுத்தலாமா?

திருச்சிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

விழுப்புரம் வாசகி: மஞ்சள் கேன்சருக்கு நல்லதுன்னு குர்குமின் கேப்ஸ்யூல் வாங்கியிருக்கேன். டமாக்சிஃபென் கூடப் போடலாமா?

கேப்ஸ்யூல் வேண்டாம். மிளகுச் சத்து சேர்த்த குர்குமினோடு எண்டாக்ஸிஃபென் அளவு குறைந்ததை 2019-இல் நெதர்லாந்தில் ஒரு சிறிய ஆய்வில் பார்த்தார்கள். குழம்பில் போடும் மஞ்சளும் மிளகும் தாராளமாகச் சாப்பிடலாம்.

காஞ்சிபுரம் வாசகி: 38 வயசு. கீமோவுக்கு அப்புறம் மாதவிலக்கு வரல. லெட்ரோசோல் மட்டும் குடுத்திருக்காங்க. ஊசி எதுவும் இல்ல.

இதை இந்த வாரமே டாக்டரிடம் கேளுங்கள். கீமோவால் நின்ற மாதவிலக்கு உங்கள் வயதில் திரும்பலாம். சினைப்பை விழித்திருந்தால் லெட்ரோசோல் அதை இன்னும் தூண்டிவிடும். கருவுறவைக்கும் சிகிச்சையில் இதே மாத்திரையைக் கொடுப்பது அதனால்தான். சினைப்பையை அடக்க கோசெரெலின் 3.6 மி.கி. ஊசி 28 நாளுக்கு ஒரு முறை, அல்லது டமாக்சிஃபெனுக்கு மாறுவது என்று வழிகள் உண்டு. அதுவரை ஹார்மோன் இல்லாத கருத்தடை கட்டாயம்: ஆணுறை அல்லது காப்பர் டி.

கும்பகோணம் வாசகி: லெட்ரோசோல். எலும்புக்கு என்ன சாப்பிடணும்? வைட்டமின் டி சாஷே வாரம் ஒண்ணு ஒரு வருஷமா சாப்பிடறேன்.

சாஷேவை இன்றே நிறுத்திவிட்டு ரத்தத்தில் வைட்டமின் டி, கால்சியம் பாருங்கள். 60,000 யூனிட் சாஷே குறைபாட்டைச் சரிசெய்ய. வழக்கமாக எட்டு வாரம்தான். சீட்டில் எழுதியதை வருடக்கணக்கில் தொடர்ந்தால் கால்சியம் ஏறிச் சிறுநீரகம் கெடலாம். குறைபாடு சரியானபின் நாளுக்கு 800 முதல் 1000 யூனிட் போதும். கால்சியம் உணவும் மாத்திரையும் சேர்த்து 1000 முதல் 1200 மி.கி. ஒரு டம்ளர் பாலில் சுமார் 240, நூறு கிராம் கேழ்வரகு மாவில் சுமார் 350. மிச்சத்துக்கு மட்டும் மாத்திரை, ஒரு வேளைக்கு 500-க்கு மேல் வேண்டாம், சாப்பாட்டுக்குப் பின். தைராய்டு மாத்திரைக்கும் அதற்கும் நான்கு மணி நேரம் இடைவெளி.

எலும்பு அடர்த்திக்கான டெக்ஸா ஸ்கேன் ஆரம்பத்தில் ஒன்று, பிறகு ஒன்றிரண்டு வருடத்துக்கு ஒன்று. எலும்புக்கு ஊசி எழுதினால் அதற்கு முன் பல் டாக்டரிடம் போய்ப் பிடுங்க வேண்டியதைப் பிடுங்கிவிடுங்கள். டெனோசுமாப் ஊசி என்றால் ஆறு மாதத் தவணையைத் தள்ளிப்போடவே கூடாது; மாற்று மருந்து இல்லாமல் விட்டால் முதுகெலும்பு நொறுங்கலாம்.

கரூர் வாசகி: டமாக்சிஃபெனைப் பாதியா உடைச்சுப் போட்டா தொல்லை குறையும்னு சொல்றாங்க.

குறைந்த அளவாக 5 மி.கி. டமாக்சிஃபென் கொடுத்துப் பார்த்த ஆய்வு நடந்தது பால்குழாய்க்குள்ளேயே இருக்கும் ஆரம்பநிலைக் கட்டிகளுக்கும், புற்றாக மாறக்கூடிய மாற்றங்களுக்கும்தான். பரவும் தன்மையுள்ள புற்றுக்கு 20 மி.கி.தான். உங்களுக்கு எது வந்தது என்று பயாப்ஸி ரிப்போர்ட்டில் இருக்கும், டாக்டரிடம் காட்டிக் கேளுங்கள்.

திண்டுக்கல் வாசகி: முட்டி வலி. மாத்திரையை ஒரு மாசம் நிறுத்திப் பார்த்தேன், நல்லா இருக்கு. இனிமே வேண்டாம்னு நினைக்கிறேன்.

நிறுத்தினால் வலி போகிறது என்றால் வலி மாத்திரையால்தான் என்று தெரிந்துவிட்டது, நல்ல தகவல். இதை மறைக்காமல் டாக்டரிடம் அப்படியே சொல்லுங்கள், வேறு மாத்திரைக்கு மாற்றுவார். 'ஒழுங்காகச் சாப்பிடுகிறேன்' என்று பொய் மட்டும் சொல்லாதீர்கள். அவர் அதை நம்பித்தான் அடுத்த ஐந்து வருடத்துக்குத் திட்டம் போடுகிறார்.

புதுச்சேரி வாசகி: முடி மெலியுது, லெட்ரோசோல்.

தைராய்டு, ஃபெரிட்டின் (உடம்பில் இரும்புச்சத்துச் சேமிப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பாருங்கள். சரியாக இருந்தால் மினாக்சிடில் தலையில் தடவுவது பற்றித் தோல் டாக்டரிடம் கேளுங்கள். ஆறு மாதம் பொறுக்க வேண்டும்.